ஜெய்ப்பூரில் பழைய மீனா நகை: திருப்பிப் பார்க்காமல் பர்ஸைத் திறக்காதீர்கள்

எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஜெய்ப்பூர் ஜோஹரி பஜாரில் எந்த மீனா (எனாமல்) நகையைக் கையில் எடுத்தாலும் அதன் வயது 150 வருடம். எதிர்க்கடையிலும் 150. பக்கத்துச் சந்தில், பசை வாசனைகூடப் போகாத பதக்கத்துக்கும் அதே 150. நல்ல பழைய சரக்கு அங்கே நிறைய இருக்கிறது. ஆனால் அதைக் கண்டுபிடிக்கிற வேலை முழுக்க நம் தலையில்.

போகும் வழி, செலவு, கடை, சோதனை என்று வரிசையாகச் சொல்லலாம் என்றுதான் எண்ணம். பார்ப்போம்.

ரயில் நிலைய வாசலில் ஆட்டோ ஏறினால் முதல் தண்டம் அங்கேயே ஆரம்பம். "பஜார் இன்னைக்கு லீவு சார், அரசாங்க எம்போரியம் ஒண்ணு இருக்கு, சும்மா பார்த்துட்டுப் போகலாம்" என்பார்கள். அது அரசாங்கமும் இல்லை, சும்மாவும் இல்லை. ஓட்டுநருக்குப் போகிற கமிஷன் உங்கள் பில்லில்தான் ஏறும். நிலையத்திலிருந்தே மெட்ரோ இருக்கும்போது இந்த வம்பு எதற்கு? சில்லறைக் காசில் படீ சௌபட் நிறுத்தம் வரை போய்விடலாம். மேலே ஏறி வந்தால் ஒரு பக்கம் ஹவா மஹால், எதிர்ப்பக்கம் ஜோஹரி பஜார். அங்கிருந்து பிரியும் கோபால்ஜி கா ராஸ்தா, ஹல்தியோன் கா ராஸ்தா சந்துகளில்தான் சரக்கு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான ஷட்டர்கள் இறங்கியிருக்கும். மற்ற நாட்களிலும் காலை பதினொன்றுக்கு முன்னால் வேலை ஆகாது. அதுவரை சூடான வெங்காயக் கசோரி இருக்கிறது. சாப்பிட்டதும் எண்ணெய்க் கையை நன்றாகக் கழுவிவிட்டுப் போங்கள், எண்ணெய் பட்டால் எனாமலில் கீறல் மறைந்துபோகும்.

கடைக்குப் போகும் முன் கண்ணுக்குப் பயிற்சி வேண்டும். சி-ஸ்கீம் பகுதியில் இருக்கும் ஆம்ரபாலி அருங்காட்சியகம் அதற்குச் சரியான இடம். டிக்கெட் மலிவில்லை, ஆனாலும் கொடுக்கலாம். கடையில் ஏமாறும் தொகையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. அசல் பழைய பச்சையும் சிவப்பும் எப்படி இருக்கும் என்று ஒரு முறை நிதானமாகப் பார்த்துவிட்டால், பஜாரில் பாதிப் பதக்கங்கள் தாமாகவே கழிந்துவிடும்.

பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆமேர் அரசர் மான் சிங் லாகூரிலிருந்து மீனாக்காரர்களை அழைத்து வந்தார் என்பது மரபு. 1727-இல் ஜெய்ப்பூர் உருவானதும் தொழில் இங்கே இறங்கியது. வரலாறு இது போதும், வேலைப்பாட்டுக்கு வருவோம்.

ஒரு நகை பல கைகள் மாறி முடிகிறது. சித்தேரா வரைகிறார், சோனார் தங்கத்தை உருவாக்குகிறார், கரியா தங்கத்தகட்டில் குழி வெட்டுகிறார், மீனாக்காரர் அந்தக் குழியில் நிறம் நிரப்பிச் சுடுகிறார், ஜடியா முன்பக்கத்தில் கல் பதிக்கிறார், பட்டுவா நூலில் கோக்கிறார். கவனிக்க வேண்டியது கரியாவின் வேலை. குழியின் அடித்தளத்தை அவர் மொழுக்கென்று விடமாட்டார். நெருக்கமாக மெல்லிய கோடுகள் இழுப்பார். எனாமல் பிடித்துக்கொள்ள அது உதவும். வெளிச்சம் உள்ளே போய் அந்தக் கோடுகளில் பட்டுத் திரும்புவதால்தான் சிவப்பு உள்ளிருந்து எரிவது போலத் தெரிகிறது. பத்து மடங்கு லூப் (சின்னப் பூதக்கண்ணாடி) வைத்து ஒரு சிவப்புப் பூவிதழைப் பாருங்கள்: எனாமலுக்கு அடியில் கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் கையால் வெட்டிய வேலை. ஒன்றுமே தெரியாமல் தட்டையாக, சாயம் பூசியதுபோல் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

எனாமல் என்பது கண்ணாடி. உலோக ஆக்சைடு கலந்த கண்ணாடியைப் பொடித்து, தண்ணீரில் குழைத்து, மெல்லிய ஊசியால் குழிக்குள் வைத்து, காயவிட்டு உலையில் சுடுகிறார்கள். எல்லா நிறத்தையும் ஒரே சூட்டில் சுட முடியாது. அதிகச் சூடு தாங்கும் வெள்ளை முதலில், சூடு தாங்காத சிவப்பு கடைசியில். பொடி உருகும்போது சுருங்குவதால் குழி முழுதாக நிரம்பாது, மறுபடி வைத்து மறுபடி சுட வேண்டும். பிறகு குருந்தக் கல்லால் தேய்த்து, நிறத்தைத் தங்க ஓரத்தோடு ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். விரல் நகத்தை மேலே ஓட்டினால் ஓரம் தட்டக்கூடாது. நிறம் குழிக்குள் தாழ்ந்தோ குவிந்தோ நின்றால், அது உலையைப் பார்க்காத ரெசின் (இறுகிப்போகும் பிளாஸ்டிக் பசை) என்று சந்தேகப்படலாம்.

தங்கம் எல்லா நிறத்தையும் ஏற்கும். வெள்ளியில் நீலமும் பச்சையும் அழகாகப் பிடிக்கும், சிவப்பு மட்டும் மக்கர் செய்யும். ஆகவே வெள்ளி நகையில் பளபளவென்று சுத்தமான சிவப்பைக் கண்டால் சந்தோஷப்படாமல் இரண்டாவது முறை பாருங்கள்.

ரெசினைக் கண்டுபிடிக்க இன்னும் சில வழிகள். அசல் எனாமல் உதட்டில் சில்லென்று இருக்கும், ரெசின் சீக்கிரம் வெதுவெதுப்பாகிவிடும். கடைக்காரர் அனுமதித்தால் தெரியாத மூலையில் குண்டூசி முனையை மெதுவாக அழுத்தலாம்: கண்ணாடியில் வழுக்கும், ரெசினில் பள்ளம் விழும். அனுமதி மறுத்தால் கோபப்படாதீர்கள், அவர் பொருள். சூடான ஊசி வைக்கிற சோதனை மட்டும் வேண்டவே வேண்டாம். ரெசின் கருகும், அசலில் விரிசல் விழும், இரண்டுக்கும் காசு நம்முடையது.

தலைப்பில் சொன்ன விஷயம் இப்போதுதான் வருகிறது. குந்தன் நகையில், அதாவது சுத்தத் தங்கத் தகட்டை அழுத்திக் கல் பதித்த நகையில், கல் முன்பக்கம், மீனா பின்பக்கம். உடம்பில் படுகிற பக்கத்துக்கு இவ்வளவு வேலையா என்று வியப்பு வரும், ஆனால் வாங்குபவருக்கு உண்மையைச் சொல்வது அந்தப் பக்கம்தான். முன்பக்கக் கல்லை மாற்றலாம், கல்லுக்கடியில் இருக்கும் உலோகத் தாளை மாற்றலாம், மெருகேற்றலாம். பின்பக்க எனாமல் உடைந்தால் திரும்பச் சுட முடியாது. உள்ளே அரக்கு இருக்கிறது, கல்லுக்கு அடியில் மெல்லிய தாள் இருக்கிறது. உலையில் வைத்தால் இரண்டும் நாசம். எனவே ரிப்பேர் என்றாலே பெரும்பாலும் நிறம் கலந்த ரெசின் ஒட்டுதான். ஒரு வெள்ளைப் பரப்பில் ஒரு மூலை மட்டும் பால் மாதிரி மங்கி, பக்கத்துப் பரப்பின் பளபளப்பு இல்லாமல் இருந்தால் அதுதான் ஒட்டு. ஒட்டு இருந்தால் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. விலையில் அது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தேய்மானமும் பேசும். பல ஆண்டு அணிந்த வளையலில் உடம்பு படும் மேடுகளில் தங்கக்கோடு மழுங்கியிருக்கும், கீறல்கள் தாறுமாறாக எல்லாத் திசையிலும் ஓடும், பள்ளங்களில் அழுக்கு இடத்துக்கு இடம் வேறுபடும். எல்லாப் பள்ளத்திலும் ஒரே அளவு கறுப்பு இருந்தால் யாரோ உட்கார்ந்து பூசியிருக்கிறார்கள். ஜோடித் தோடு என்றால் இரண்டையும் திருப்பிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பச்சையின் சாயல், இலை வெட்டிய விதம் இரண்டும் ஒரே கையாக இருக்க வேண்டும். வெவ்வேறு செட்டிலிருந்து ஒப்பேற்றிய ஜோடிகள் தாராளமாக வருகின்றன. நூல் மட்டும் புதிதாக இருந்தால் பயப்பட வேண்டாம். நூல் அறுவதும் மறுபடி கோப்பதும் வழக்கம்.

கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். மஞ்சள் ஹாலஜனில் எந்தச் சிவப்பும் மாணிக்கம். வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள், மயிரிழை விரிசல் அப்போதுதான் கண்ணில் படும்.

அப்புறம் பணம். ஜடாவ் (கல் பதித்த) நகையை மொத்த எடையில் விலை பேசினால் அரக்குக்கும் கண்ணாடிக்கும் தங்க விலை கொடுப்பீர்கள். மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்கம், காரட் நான்கையும் தனித்தனியாகக் கேட்டு பில்லில் எழுதச் சொல்லுங்கள். குந்தன், போல்கி (பட்டை தீட்டாத வைரம்), ஜடாவ் நகைகளுக்குக் கட்டாய ஹால்மார்க்கிலிருந்து விலக்கு உண்டு, அதனால் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இட ஹால்மார்க் அடையாளக் குறியான எச்.யு.ஐ.டி. இல்லை என்பதற்காகப் போலி என்று சண்டை போட முடியாது. அந்த விலக்கில்தான் காரட்டைக் கூட்டிச் சொல்லும் வித்தையும் நடக்கிறது. நகைக்கு 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு, பேரம் முடிந்த பிறகு அதை நினைத்து முழிக்காதீர்கள்.

150 வருடக் கதைக்கு ஒரு நல்ல மருந்து இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருள் கணக்கில் வரும், அதை விற்க உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. "உரிமம் காட்டுங்க பாய்சாப்" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். நகைக்கு அந்த நொடியே எழுபது வயது குறையும்!

பட்ஜெட் சின்னது என்றால் தங்கத்தை விட்டுவிடுங்கள். சென்ற தலைமுறை வெள்ளி மீனா, நீலமும் பச்சையும், ஒற்றைப் பதக்கம் அல்லது மோதிரம் போதும். பழசு என்ற பெயரில் பித்தளையில் ரெசின் ஊற்றிய பெரிய செட்டை விட அது எவ்வளவோ மேல். செட் வாங்கினால்தான் கௌரவம் என்கிற எண்ணம்தான் கடைக்காரரின் முதலீடு.

ஊருக்குக் கொண்டுவரும்போது ஒவ்வொன்றையும் தனித்தனிப் பருத்தித் துணியில் சுற்றுங்கள், எனாமலோடு எனாமல் உரசக்கூடாது. வெயிலில் நிற்கும் காரில் வைத்தால் அரக்கு இளகிக் கல் நகரும். தண்ணீரில் ஊறவைத்தால் கல்லுக்கடியில் ஈரம் இறங்கித் தாள் கறுக்கும், அல்ட்ராசோனிக் மெஷின் பக்கமே காட்டாதீர்கள். கொக்கி உடைந்து பற்றவைக்க உள்ளூர்ப் பத்தரிடம் கொடுக்கும்போது, எனாமல் இருக்கிறது, தீ காட்டாதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொக்கியைத் தனியே கழற்றிப் பற்றவைத்து மறுபடி மாட்டினால் போதும்.