நிட்ஸ் ஏத்துனா மட்டும் போதாதுங்க

கார் டிஸ்ப்ளே வேலைல இருக்கறவங்களுக்கு அடிக்கடி வர்ற கம்ப்ளைன்ட், "வெயில்ல ஸ்க்ரீன் ஒண்ணுமே தெரியலங்க". உடனே மீட்டிங்ல யாராவது பிரைட்னஸ் ஏத்துங்க, 1,000 நிட்ஸ் (பிரகாசத்த அளக்கற அலகு) பேனல் போடுங்கன்னு ஆரம்பிப்பாங்க. எனக்கு அதுல உடன்பாடே இல்ல, முதல்ல ரிஃப்ளெக்ஷனத்தான் பாக்கணும்.

சென்னைலருந்து ஒரகடம் போய் வர்றவங்க யோசிச்சுப் பாருங்க, காலைல மேற்க பாத்து ஓட்டறோம், சாயங்காலம் கிழக்க பாத்து திரும்பறோம், ரெண்டு வேளையும் சூரியன் முதுகுப் பக்கம்தான், நம்ம கண்ணு தப்பிச்சிடுது ஆனா பின் கண்ணாடி வழியா வர்ற வெயில் ஸ்க்ரீன் மேல விழுது. மத்தியானம் வேற மாதிரி. நடு ஸ்க்ரீன்ல டிரைவருக்குத் தெரியற பிம்பம் இடது சீட்ல இருக்கறவரோடது. அவரு வெள்ளை சட்டை போட்டு, சைடு கண்ணாடி வெயிலும் அது மேல பட்டா, சட்டையே சுமாரா 10,000 நிட்ஸ் இருக்கும். ஸ்க்ரீனுக்கு மேல இருக்கற கவர் கிளாஸ் முன்பக்கம் அந்த வெளிச்சத்துல 4 சதவீதம் திருப்பி அனுப்பும், பின்பக்கம் ஒரு 4, நடுவுல காத்து இடைவெளி இருந்தா எல்சிடி மேல்பரப்பு இன்னொரு 4. கூட்டுனா கிட்டத்தட்ட 1,200 நிட்ஸ், நாம காசு கொட்டி வாங்குன 1,000 நிட்ஸ் மேப்ப அந்த சட்டை முழுங்கிடும்!

அந்த இடைவெளிய கண்ணாடி மாதிரியே ஒளிய வளைக்கற தெளிவான பசையால நிரப்பறதுதான் ஆப்டிகல் பாண்டிங். உள்ள இருக்கற ரெண்டு ரிஃப்ளெக்ஷனும் ஏறக்குறைய போயிடும். வெளிய நல்ல ஏஆர் கோட்டிங், அதாவது ரிஃப்ளெக்ஷன குறைக்கற பூச்சு, போட்டா அதுவும் 1 சதவீதத்துக்கு வந்துடும், அப்ப 700 நிட்ஸ் பேனல்லயே எழுத்து பளிச்சுன்னு தெரியும்.

வெறுமனே பிரைட்னஸ் ஏத்துனா சூடுதான் ஏறும். மே மாசம் வெயில்ல நிறுத்தின கார எடுத்தா ஏற்கனவே டேஷ்போர்டு கொதிக்குது, ஸ்க்ரீனுக்குப் பின்னால எரியற பேக்லைட் தன்னைக் காப்பாத்திக்க தானா மங்கிடும், அதுவும் வெளிச்சம் ரொம்பத் தேவைப்படற அந்த நேரத்துலதான்.

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் பிரச்சனையும் இப்படித்தான். எல்சிடிலருந்து வர்ற ஒளி ஒரே திசைல அதிரும், கூலிங் கிளாஸ் அதுக்குக் குறுக்க இருந்தா ஸ்க்ரீன் இருட்டாயிடும், எத்தன நிட்ஸ் இருந்தாலும். ஸ்க்ரீன் மேல ஒரு ரிடார்டர் ஃபிலிம், அதாவது ஒளி அதிரற விதத்த மாத்தற படலம், வச்சா சரியாகும்.

ஆனா செலவ குறைக்கணும்னா முதல்ல கை வைக்கறது பாண்டிங்லதான், ஏன்னா ஷோரூம் நிழல்ல வித்தியாசமே தெரியாது. அதனால அடுத்த மாடலுக்கு சாம்பிள் பாக்கற இடத்த ஏசி ரூம்லருந்து யார்டுக்கு மாத்தச் சொல்லி கேட்டிருக்கேன், மூணு மணி வெயில்ல, இடது சீட்ல வெள்ளை சட்டையோட ஒருத்தர உக்கார வச்சு.