முலாம் பூசிய பதினொரு நாணயங்களை எடைபோட்டுப் பார்த்த கதை

சென்ற தை மாதம், காரைக்குடியில் உள்ள எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டிலிருந்த இரும்புப் பெட்டியை ஒழித்தபோது, தங்க முலாம் பூசிய நாணயங்கள் பதினொன்று கிடைத்தன. அவற்றில் எட்டு, பெரியப்பா தம் கடைசிக் காலத்தில் தொலைக்காட்சி விளம்பரத்தைப் பார்த்துத் தவணை கட்டி வாங்கிய நினைவு நாணயங்கள். நீல வெல்வெட் பெட்டிக்குள், எண்ணிட்ட சான்றிதழோடு இருந்தன. இரண்டு, புழக்கத்தில் இருந்த ஐந்து ரூபாய் நாணயங்களுக்கு யாரோ முலாம் பூசி விற்றவை. எஞ்சிய ஒன்று, அப்பத்தாவின் கழுத்து மாலையிலிருந்து கழன்ற விக்டோரியா ரூபாய். சேகரிப்பாளர் ஒருவர் இவற்றுக்கு என்ன விலை மதிப்பார் என்று அறிந்துகொள்ள மூன்று மாதம் செலவிட்டேன்.

முதலில் சான்றிதழ்களைப் படித்தேன். "24 காரட் தங்கம்" என்று எல்லாவற்றிலும் அச்சிட்டிருந்தது. அது பொய்யன்று என்பதுதான் வேடிக்கை. காரட் என்பது தங்கத்தின் மாற்றை, அதாவது தூய்மையை, சொல்லுமே தவிர, எவ்வளவு தங்கம் இருக்கிறது என்பதைச் சொல்லாது; கவரிங் வளையலின் மேல்பூச்சும் 24 காரட்டாக இருக்கலாம். முலாமின் கனம் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று எந்தத் தாளிலும் இல்லை. ஆகவே நானே கணக்குப் போட்டேன். நாணயத்தின் விட்டம் 40 மில்லிமீட்டர், விளிம்பின் கனம் 3 மில்லிமீட்டர். இரு முகமும் விளிம்பும் சேர்ந்து ஏறத்தாழ 29 சதுர சென்டிமீட்டர் பரப்பு. அலங்கார முலாம் 0.1 மைக்ரான் அளவுக்கு மெல்லியதாக இருப்பதுண்டு. அந்தக் கனத்தை வைத்துக்கொண்டால் ஒரு நாணயத்தின் மேல் இருக்கும் தங்கம் சுமார் 5.6 மில்லிகிராம். கணக்குக்காகக் கிராம் பத்தாயிரம் ரூபாய் என்று கொண்டாலும், அதன் மதிப்பு 56 ரூபாய். எட்டையும் சேர்த்தால் ஒரு குன்றிமணி எடையில் பாதிகூடத் தேறவில்லை. அதைச் சுரண்டி எடுக்கும் கூலியோ அதைவிட அதிகம்.

மாசி மாதத்தில் அடர்த்தியைச் சோதிக்கத் தொடங்கினேன். 0.01 கிராம் வரை காட்டும் சிறு மின்தராசு ஒன்றை வாங்கி, வளவில் ஆத்தங்குடிக் கல் சமமாகப் பதிந்திருந்த இடத்தில் வைத்தேன். தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்து எண்ணைச் சுழியாக்கிவிட்டு, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டரில் நாணயத்தின் கன அளவு; காற்றில் நிறுத்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி, அதை வைத்து உள்ளே என்ன உலோகம் என்று ஊகிக்கலாம். முதல் நாள் ஒரே நாணயம் மூன்று முறையும் மூன்று விதமாகக் காட்டியது. மின்விசிறிக் காற்று தராசை அசைத்தது ஒரு காரணம். எழுத்துகளின் இடுக்கில் ஒட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகள் மற்றொன்று. விசிறியை நிறுத்திவிட்டு, தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு நீரைக் கலந்த பிறகு எண்கள் நிலைத்தன.

வெல்வெட் பெட்டி நாணயம் ஒன்று காற்றில் 28.30 கிராம் இருந்தது, தண்ணீரில் 3.29 காட்டியது. வகுத்தால் 8.60, அதாவது பித்தளை. தங்கத்தின் அடர்த்தி 19.3, இதே உருவம் சுத்தத் தங்கத்தில் இருந்திருந்தால் 63 கிராமுக்கு மேல், ஏறக்குறைய எட்டுப் பவுன் நிறுத்திருக்கும். மற்ற ஏழும் இதே கதைதான். அவற்றை விவரிப்பதில் பயனில்லை.

விக்டோரியா ரூபாயில்தான் மனம் தங்கியது. காற்றில் 11.52, தண்ணீரில் 1.12, அடர்த்தி 10.29. புதிதாக அச்சிட்ட ரூபாய் 11.66 கிராம் இருக்கும், அதில் 91.7 விழுக்காடு வெள்ளி. அந்தக் கலவைக்கு இந்த அடர்த்தி பொருந்துகிறது. ஆண்டு 1862; 1877 முதல் 'பேரரசி' என்று மாறிய எழுத்து இதில் இன்னும் 'ராணி' என்றே இருந்தது. ஆனால் தலைக்கு மேல் விளிம்பில் வளையம் பற்றவைத்த தழும்பு. கன்னத்திலும் கூந்தல் மேட்டிலும் முலாம் தேய்ந்து வெள்ளி வெளுத்துத் தெரிந்தது. பள்ளங்களில் மட்டும் மஞ்சள் தங்கியிருந்தது. நகையாக அணிந்தவருக்கு அந்த முலாம் அழகு சேர்த்திருக்கும். சேகரிப்பாளர் கண்ணுக்கோ முலாமும் பற்றவைப்பும் நாணயத்தின் இயல்பான முகத்தைக் கெடுத்த சேதங்கள். மேலே பூசிய தங்கமே விலையைக் குறைத்துவிட்டது.

பங்குனியில் முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சென்றேன். பழம்பொருள் கடைக்காரர் எட்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பெட்டி நல்லா இருக்கு, வேணும்னா பெட்டிய எடுத்துக்கிறேன்" என்றார். அவர் மேல் குறையில்லை. எந்த அரசும் வெளியிடாத, முகமதிப்பு இல்லாத பதக்கங்களை நாணயம் என்று அழைப்பதே பிழை. எத்தனை அடித்தார்கள் என்பதற்கும் விற்றவர் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஐந்து ரூபாய்கள் இரண்டையும் ஐந்து ரூபாயாகவே மதித்தார். விக்டோரியாவுக்கு வெள்ளி விலை தருவதாகச் சொன்னார். தழும்பில்லாத ஒன்றைத் தம் பேழையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அங்கேயே ஒப்பிட்டுப் பார்க்க, 1969 ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டுக்காக வந்த பத்து ரூபாய் நாணயத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 15 கிராம் எடை, 80 விழுக்காடு வெள்ளி. நாளை ஒருவரும் சேகரிக்காவிட்டாலும் 12 கிராம் வெள்ளி கையில் நிற்கும். தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி வந்த 1000 ரூபாய் நாணயமும் வெள்ளிக் கலவைதான். பெரியப்பா கட்டிய தவணைகளை நினைத்துச் சற்று வருந்தினேன்.

முலாம் ஏன் இப்படித் தேய்கிறது, சில இடங்களில் ஏன் கறுக்கிறது என்று தேடியபோது, அடியிலுள்ள உலோகத்தின் செம்பு அணுக்கள் மெல்லிய தங்கத்தின் ஊடே மெதுவாக மேலேறி வரும் என்றும், அதைத் தடுக்கத்தான் இடையில் நிக்கல் பூச்சு கொடுப்பார்கள் என்றும் அறிந்தேன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கும் ஊரில் பிறந்துவிட்டு, மின்முலாம் பற்றி இத்தனை காலம் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

விக்டோரியாவின் முலாமை அமிலத்தில் கரைத்து எடுத்துவிடலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். பத்தர் ஒருவர் வேண்டாம் என்றார். முலாம் போனாலும் தழும்பு போகாது, தேய்மானம்தான் கூடும் என்பது அவர் கணக்கு. ஆகவே அதை விற்கவில்லை. காகித உறையில் போட்டு, மேலே "1862, 11.52 கிராம், வளையத் தழும்பு, அப்பத்தா மாலை" என்று எழுதிவைத்திருக்கிறேன். நீலப் பெட்டிகளைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டேன்.