460 கிராம் நூலில் அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர்

போன அக்டோபரில் உத்தராகண்ட் மலையூரான முன்சியாரி போயிருந்தபோது, தங்கின இடத்துக்குப் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு அம்மா தக்ளியில், அதாவது கையால் சுழற்றும் கதிரில், கம்பளி நூற்றுக்கொண்டிருந்தார். எதிரே பஞ்சசூலி சிகரங்கள் வெயிலில் மின்னுகின்றன, அவர் கண்ணோ இழையை விட்டு அகலவில்லை. ஜோஹார் பள்ளத்தாக்குப் பெண்களுக்கு இது தலைமுறை வேலை. 1962 போரோடு திபெத் வியாபாரம் நின்றுபோகும்வரை, கணவாய் தாண்டி வந்த கம்பளியை நூற்ற கைகள். விற்க இருந்த 5 சிட்டம் (நூல் கட்டு) மொத்தத்தையும் வாங்கிக்கொண்டேன்.

குன்னூர் வந்து சமையலறைத் தராசில் வைத்தால் 460 கிராம். ஆலை நூல் என்றால் குறைந்தால் கடைக்குப் போகலாம். இது அப்படியில்லை. சாயம் போடாத ஆட்டு நிறம், ஒரு சிட்டம் காப்பிக்கொட்டை, இன்னொன்று ஈர மண்.

முதலில் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் மாதிரித் துண்டு பின்னி, அலசிக் காயவைத்து எடை போட்டேன், 5 கிராம். அப்பாவின் பழைய ஸ்வெட்டரை அளந்து பார்த்தால் அந்த மாதிரி 95 சதுரம் வேண்டும், அதாவது 475 கிராம். 15 கிராம் துண்டு விழுகிறது. ஒரு வாரம் ஊசியையே தொடவில்லை.

அப்புறம் கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னுவது என்று முடிவு செய்தேன். நூல் குறைவாக இருக்கும்போது இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கீழிருந்து ஆரம்பித்தால் கழுத்துக்கு வரும்போது நூல் தீர்ந்துபோகும், கழுத்தில்லாத ஸ்வெட்டரை என்ன செய்வது? மேலிருந்து வந்தால் உயரம் நம் கையில். தோள் முடிந்ததும் உடம்பை அப்படியே நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் பின்னி முடித்தேன், கை குட்டையாக இருந்தால் அப்பா போடமாட்டார், இடுப்பில் இரண்டு விரல் குறைந்தால் கவனிக்கவே மாட்டார். மிச்ச நூல் எல்லாம் உடம்புக்கு.

இரண்டு கண்டுகளை வைத்துக்கொண்டு இரண்டு வரிசைக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னினேன். இல்லையென்றால் நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும். கையால் நூற்றதில் ஓரிடத்தில் சுண்டுவிரல் நகம் அளவு தடிப்பு, அடுத்த சாணிலேயே தையல் நூல் மாதிரி மெலிவு, அதுவும் இப்படிப் பரவிவிடுகிறது. கண்டு முடியும் இடத்தில் முடிச்சுப் போடவில்லை. இரண்டு நுனியையும் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கொஞ்சம் எச்சில் தொட்டு, உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்தால் போதும். கம்பளி இழையின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு ஒரே நூலாகிவிடும். கால் கிராம்கூட வீணாகாது.

உடம்பில் ஒரு சுற்றுக்கு 2 கிராம் போகிறது. கடைசி நாட்களில் தராசு என் மடியிலேயே இருந்தது. முடித்துக் கட்ட 6 கிராம் ஒதுக்கிவிட்டு, மிச்சம் தீரும்வரை பின்னினேன். மாதிரித் துண்டையும் பிரித்துச் சேர்த்தாயிற்று. நினைத்ததைவிட மூன்று சென்டிமீட்டர் குட்டை. கையில் நின்றது 2 கிராம், அதைக் கிழிசல் தைக்க எடுத்துவைத்திருக்கிறேன்.

அப்பா காலை நடைக்குப் போட்டுப்போகிறார். "பனியில நனைஞ்சா ஆட்டு வாசனை வருதும்மா" என்றார் நேற்று, கழற்றாமலே காப்பி குடித்துக்கொண்டு.