பிஎச்டி முடித்துவிட்டு வெளியே வேலை தேடுபவர்களுக்கு

பிஎச்டி முடித்தவர் கல்வித்துறைக்கு வெளியே வேலைக்குப் போனால் "இவ்வளவு படிச்சிட்டு இதுக்கா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்வியே எனக்குப் பிடிப்பதில்லை. பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 2010இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு: அங்கே அறிவியலில் முனைவர் பட்டம் வாங்குபவர்களில் பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆய்வுப் பணியில் போய்ச் சேருபவர்கள் சுமார் 3.5 சதவீதம், பேராசிரியர் ஆகிறவர்கள் 0.45 சதவீதம். வெளியே போவதுதான் வழக்கம், உள்ளே தங்குவதுதான் அபூர்வம். ஆனால் பயிற்சி முழுக்க அந்த அபூர்வத்துக்காகவே நடக்கிறது.

ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர்களைக் குறை சொல்லவில்லை, பலர் வெளியே ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை, பிறகு எப்படி வழிகாட்டுவார்கள்?

பெரும்பாலானவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது சிவியில்தான். கட்டுரைகள், மாநாடுகள், விருதுகள் என்று பக்கம் பக்கமாக நீளும் அதை எச்ஆரில் யாரும் கடைசிவரை படிக்கமாட்டார்கள். "புரத மடிப்பின் இயக்கவியல் குறித்த ஆய்வு" என்று எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. அதையே "பல கோடி வரிகள் கொண்ட, ஓட்டைகள் நிறைந்த தரவைச் சுத்தம் செய்ய பைத்தானில் நிரல் எழுதினேன், வாரக்கணக்கில் ஆன வேலை ஒரே இரவில் முடிந்தது, இப்போது ஆய்வகத்தில் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்" என்று எழுதிப் பாருங்கள். இரண்டும் ஒரே வேலைதான், இரண்டும் உண்மைதான்.

அப்புறம் இன்டர்வியூ. "உங்கள் படிப்புக்கு இந்த வேலை சலித்துவிடாதா, சீக்கிரம் விட்டுப் போய்விடுவீர்களா?" என்று நிச்சயம் கேட்பார்கள். அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அவர்களுடைய நியாயமான பயம், அந்த நிறுவனத்தின் எந்தப் பிரச்சினை உங்களை இழுத்தது என்று குறிப்பாகச் சொன்னால் அந்தப் பயம் பாதி குறைந்துவிடும்.

வேலை கிடைத்த பிறகு வேகம் படுத்தும். எல்லாச் சந்தேகமும் தீர்ந்த பிறகே முடிவு சொல்லிப் பழகியவர்களிடம் வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்பார்கள். இதற்குப் பழக எனக்குத் தெரிந்த எல்லோருக்குமே மாதங்கள் ஆயின.

வேறு வழி தெரியாமல் இன்னொரு போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) சேரலாம் என்று யோசிப்பவர்கள், அதற்கு முன் உங்கள் துறையிலிருந்து வெளியே போன யாரிடமாவது அரை மணி நேரம் பேசுங்கள். வேலை கேட்க வேண்டாம். போன வாரம் முழுக்க என்ன செய்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன்பே கேட்டால் இன்னும் நல்லது.