முறுக்குத் தூக்கில் மாத்திரை அட்டைகள்

நேற்று பள்ளத்தூரில் ஒரு துக்க வீடு. தற்கொலை. முகப்பில் உட்கார்ந்திருந்தவர்கள், "அவனுக்கென்ன பைத்தியமா? நன்றாகத்தானே இருந்தான்" என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் ஆச்சி ஒரு எவர்சில்வர் தூக்கைத் திறந்து காட்டினார். அடியில் அவனுடைய மனச்சோர்வு மாத்திரை அட்டைகள், மேலெல்லாம் முறுக்குத் தூள். பெண் வீட்டார் கண்ணில் படக் கூடாதென்று ஒளித்தார்களாம். பிறகு மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள், மருத்துவரைக் கேட்காமல்.

எனக்கு ஆறவில்லை. சர்க்கரை மாத்திரையை யாராவது இப்படி ஒளிப்பார்களா?

மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் தற்கொலை செய்துகொள்வதில்லை. தற்கொலை செய்துகொண்ட எல்லோருக்கும் மனநோய் இருந்ததென்றும் சொல்ல முடியாது. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் பதிவு செய்த 1,70,924 தற்கொலைகளில் 31.7 சதவீதத்துக்குக் குடும்பப் பிரச்சினையே காரணம். கடன், குடி, ஒரு நாள் சண்டை, எதுவும் ஆளைத் தள்ளிவிடும். ஆனால் மனச்சோர்வு அந்த ஆபத்தைப் பல மடங்கு கூட்டுகிறது. அது சிகிச்சையில் குணமாகக்கூடிய நோய். இதைத்தான் அந்த முகப்பில் உரக்கச் சொல்ல நினைத்தேன், துக்க வீட்டில் வாய் வரவில்லை.

வீட்டில் யாராவது ஒடுங்கிப்போயிருந்தால், "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும், இலவசம், தமிழிலேயே பேசலாம். என்னையும் அழையுங்கள், நள்ளிரவானாலும் எடுப்பேன்.