யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு செய்திமடல்: முதல் 500 வாசகர் வரை

கனடாவின் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த 25 வயதுப் பிள்ளைக்கு அம்மம்மா கதைக்கும் தமிழ் விளங்கும். திருப்பிக் கதைக்கவும் ஓரளவு வரும். எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் வராது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு மின்னஞ்சல் வழியாக ஆங்கிலத்தில் செய்திமடல் அனுப்புகிறவர்களுக்கு முதல் வாசகர் இந்தப் பிள்ளைதான். யாருக்கு எழுதுகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்தால் ஆங்கிலப் பயத்தில் பாதி கழன்றுவிடும். தாய் பிறந்த ஊரில் இந்த மாதம் என்ன விளைகிறது, நெடுந்தீவுக்குப் படகு எங்கேயிருந்து புறப்படுகிறது, வீட்டுக் கிணறு ஏன் உவர்க்கிறது என்பதைத்தான் அந்த வாசகர் தேடுகிறார். நடையழகு அதற்குப் பிறகுதான். 1841 இல் இங்கே தொடங்கிய உதயதாரகை தமிழும் ஆங்கிலமுமாக வந்த பத்திரிகை. ஆங்கிலத்தில் எழுதுவது இந்த ஊருக்குப் புதிதல்ல.

வாசகர் சேர்க்கத் தொடங்க முன்னர் நான்கு மடல்களை முழுதாக எழுதிக் கையில் வைத்திருக்க வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒன்று போதும். ஒவ்வொன்றும் 600 முதல் 800 சொற்கள். கிழமைக்கொன்று என்று அறிவித்துவிட்டு ஐந்தாவது கிழமையில் நின்றுபோகிறவர்களே அதிகம். தாய்மொழியல்லாத மொழியில் திருத்த வேலைக்கு எழுதிய நேரத்தைப் போல இரண்டு மடங்கு பிடிக்கும். அந்தக் கணக்கைப் போடாததே நின்றுபோகக் காரணம்.

திருத்தம் என்றால் எல்லாப் பிழையையும் துரத்துவதல்ல. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் பிழைகள் எண்ணிச் சொல்லக்கூடியவை. ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைக்கலாம். ‘பற்றி’ மனதில் இருப்பதால் ‘டிஸ்கஸ்’ பக்கத்தில் ‘அபௌட்’ வந்து குந்திக்கொள்ளும். அதை வெட்ட வேண்டும். ‘நேற்றுத்தான் வந்தார்’ என்பது ‘யெஸ்டர்டே ஒன்லி’ ஆகிவிடும். ‘ஒன்லி’யை எங்கே கண்டாலும் நின்று பார்க்க வேண்டும். பெயர்ச்சொல்லுக்கு முன் ‘அ’ வருமா ‘த’ வருமா என்ற குழப்பத்துக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. அந்த இடத்தில் தமிழில் ‘ஒரு’ பொருந்தினால் ‘அ’, ‘அந்த’ பொருந்தினால் ‘த’. சூரியன், கடல் போன்றவற்றுக்கு இது பிழைக்கும். மற்றப்படி பெரும்பாலான இடங்களில் காப்பாற்றும்.

எல்லாவற்றிலும் பெரிய தடங்கல் வினையெச்சம். ‘கிழங்கைக் கிண்டியெடுத்து, தோலுரித்து, இரண்டாகக் கிழித்து, வெயிலில் காயவிட்டு, இடித்து மாவாக்கி வைப்பார்கள்’ என்பது தமிழில் வடிவான ஒரே வாக்கியம். எச்சங்கள் எல்லாவற்றையும் கடைசி வினைமுற்று தாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்துவிடுவதால் இதே சங்கிலியை ‘அன்ட்’, ‘அன்ட்’ என்று கோத்தால், எதை யார் செய்தார் என்பது மூன்றாவது இடத்திலேயே தொலைந்துவிடும். வெட்டும் முறை எளிது: இரண்டு வினைக்கு மேல் போனால் முற்றுப்புள்ளி. மேலேயுள்ள வாக்கியம் மூன்றாக உடையும். கிண்டி உரிப்பது ஒன்று, கிழித்துக் காயவிடுவது ஒன்று, இடிப்பது ஒன்று. நடையில் கொஞ்சம் ஓட்டம் குறைந்தாலும் பரவாயில்லை. வாசகர் இடையில் விட்டுவிட்டுப் போகமாட்டார்.

இதே உதாரணத்தில் இன்னொரு பொறியும் இருக்கிறது. பனங்கிழங்கை ‘ரியூபர்’ என்றோ ‘ரூட்’ என்றோ எழுதினால் வாசகரின் மனதில் உருளைக்கிழங்கு வந்து நிற்கும். உண்மையில் பனங்கொட்டைகளைப் பாத்தியில் அடுக்கி மூன்று நான்கு மாதம் விட்டால், முளைத்துக் கீழ்நோக்கி இறங்கும் முளைதான் அது. ஆகவே ‘ஸ்ப்ரவுட்’ என்ற சொல்லே கிட்டவரும். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். இந்த இரண்டு பெயரையும் மொழிபெயர்க்கக் கூடாது. முதல் தடவை வரும்போது ஒரு வரியில் விளக்கிவிட்டு, பிறகு ஒடியலை ஒடியலாகவே விட வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த வாசகருக்கு அது வீட்டுக் குசினியின் சத்தம். அதை அழித்துவிட்டு ‘ட்ரைட் பல்மைரா ப்ராடக்ட்’ என்று எழுதினால் அவருக்கு என்ன மிஞ்சும்?

எழுத்துக்கூட்டலில் ஊர்ப்பெயர்களை வரைபடத்திலும் வீதிப் பலகையிலும் உள்ளபடியே எழுதுங்கள். சுன்னாகம், கோப்பாய் போன்றவற்றைச் சொந்த முறையில் எழுதினால் தேடுகிறவருக்கு அகப்படாது. மற்றச் சொற்களில் ‘ழ’ வந்தால் ‘இசட் எச்’ போடுவது நமக்குப் பழக்கம். தமிழ் தெரியாதவர் அதை ‘ஸ’ என்று வாசிப்பார் என்பதால் முதல் முறை உச்சரிப்பைச் சொல்லிவிடுவது நல்லது.

இலக்கணம் பார்க்கும் கருவிகளில் கிராமர்லியும் லாங்குவேஜ்ரூலும் போதும். மொழியைப் பிரித்தானிய ஆங்கிலம் என்று மாற்றி, ஊர்ச்சொற்களைச் சொந்த அகராதியில் சேர்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவியிடம் ‘திருத்தி எழுது’ என்று கேட்கவே கூடாது. ‘பிழையான இடங்களை மட்டும் காட்டு, காரணத்தைச் சொல்லு’ என்று கேளுங்கள். திருத்தி எழுதச் சொன்னால் எல்லோருடைய மடலையும் போன்ற ஒரு மடலைத் தரும். நீங்கள் மட்டுமே எழுதக்கூடிய வரிகள்தான் முதலில் காணாமற் போகும். கடைசியாக, வேர்ட்டில் சத்தமாக வாசிக்கும் வசதியைப் போட்டுக் காதால் கேளுங்கள். கண் தாண்டிப் போகும் ‘த’வைக் காது பிடித்துவிடும்.

எந்தச் சேவை என்பதில் நாட்களை வீணாக்கத் தேவையில்லை. செய்திமடல் அனுப்பும் தளமான சப்ஸ்டாக்கில் இலவச மடலுக்குச் செலவே இல்லை; கட்டணச் சந்தா வைத்தால் 10 சதவீதம் எடுக்கும். ஆனால் அந்தப் பணம் ஸ்ட்ரைப் என்ற இணையக் கட்டணச் சேவை வழியாகத்தான் வரும். ஸ்ட்ரைப் இலங்கையில் கணக்குத் திறக்க விடாது. இதைத் தெரியாமல் கட்டணச் சந்தாவை நம்பித் தொடங்கி மனம் உடைகிறவர்கள் உண்டு. கனடாவில் இருக்கும் மச்சானின் பெயரில் கணக்குத் திறந்தால் வருமானமும் வரியும் அவருடைய பெயரில்தான் விழும். உறவையும் சேர்த்துப் பணயம் வைக்கிற வேலை. மடலில் விளம்பரம் போடும் கடைக்காரரிடம் நேரடியாக விலைச்சிட்டை கொடுத்து, வங்கிக்கோ பேயோனியர் என்ற இணையப் பணச் சேவைக்கோ பணம் பெறுவதே இங்கிருந்து சாத்தியமான வழி.

தலைப்பு வரி 40 எழுத்துக்குள் இருக்கட்டும். கைபேசித் திரையில் மிச்சம் தெரியாது. வேர்ட்டிலிருந்து அப்படியே ஒட்டினால் மறைந்திருக்கும் வடிவமைப்புக் குறிகளும் கூடவே வரும். எழுத்தும் இந்தக் குறிகளும் சேர்ந்த மடலின் குறிமுறை 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அடியில் வெட்டிவிடும். வெட்டுப்படும் பகுதியில் சந்தாவை நிறுத்தும் இணைப்பும் இருக்கும். அது கிடைக்காத வாசகர், வேண்டாத அஞ்சல் என்று முறையிடும் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார். ஆகவே வெறும் எழுத்தாக மட்டும் ஒட்டுங்கள். இடையில் தமிழ்ச் சொல் போடுகிறவர்கள் யூனிகோட்டில் தட்டச்சு செய்ய வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து ஒட்டியது மறுபக்கத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

நேரம் முக்கியம். கோடையில் யாழ்ப்பாணத்தில் மாலை 4.30 என்றால் ரொறன்ரோவில் காலை 7, லண்டனில் நண்பகல் 12. நவம்பரில் ரொறன்ரோவில் மணிக்கூட்டைப் பின்தள்ளியதும் அதே நேரம் இங்கே மாலை 5.30 ஆகிவிடும். மார்ச்சில் ரொறன்ரோ இரண்டாவது ஞாயிறும் பிரித்தானியா கடைசி ஞாயிறும் மாற்றுவதால் இடைப்பட்ட கிழமைகளில் கணக்குப் பிழைக்கும். அனுப்பும் நேரத்தை ரொறன்ரோ நேரத்திலேயே குறித்துவிட்டால் இந்தத் தலையிடி இல்லை.

முதல் 50 பேரை ஒவ்வொருவராக வட்ஸ்அப்பில் கேட்டுச் சேர்க்க வேண்டும்; வேறு குறுக்கு வழி கிடையாது. தொடர்புப் பட்டியலைக் கேட்காமல் ஏற்றுவது பெரிய தவறு. ஸ்பாம் முறைப்பாடு 0.3 சதவீதத்தை எட்டக் கூடாது என்று ஜிமெயில் சொல்கிறது. 200 பேரில் ஒருவர் அழுத்தினாலே 0.5. கனடாவில் 2014 இலிருந்து நடைமுறையில் உள்ள சட்டப்படி வணிக மடலுக்கு வாசகரின் சம்மதமும் அனுப்புநரின் தபால் முகவரியும் வேண்டும். ஒரு விளம்பரம் நுழைந்தாலே உங்கள் மடலும் அந்த வகைக்குள் வரலாம்.

50 இலிருந்து 500 க்குப் போக வைப்பது வரவேற்பு மடல். அதில் ஒரேயொரு கேள்வி: உங்கள் பெற்றோரின் ஊர் எது? ‘வெல்கம்’ என்று நான்கு பந்தி எழுதுவதை விட இந்த ஒற்றைக் கேள்விக்கு அதிகம் பதில் வரும். பதில் எழுதியவரை ஜிமெயிலும் தெரிந்தவராகப் பார்க்கும்; அடுத்த மடல் உள்பெட்டியில் விழ அது உதவும். வந்த ஊர்ப்பெயர்களைக் கைக்கொப்பியில் குறித்துவையுங்கள். காரைநகர் என்று 12 பேர் எழுதியிருந்தால் அடுத்த மடல் காரைநகர். அந்த 12 பேரும் குடும்பக் குழுவில் அதைப் பகிர்வார்கள். புது வாசகர் பெரும்பாலும் அங்கேயிருந்துதான் வருகிறார்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்ப வேண்டாம். 2021 இலிருந்து அப்பிள் மெயில் வாசகர் பார்க்காமலேயே திறந்ததாகக் காட்டக்கூடும். பதிலையும் இணைப்பை அழுத்தியதையும் எண்ணுங்கள். ஆறு மாதமாக இரண்டும் இல்லாதவருக்கு ‘இன்னும் அனுப்பவா?’ என்று ஒருக்கால் கேட்டு, இரண்டு கிழமையில் பதில் வராவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.