ஓடாத பாம்பு

அம்மாவைப் பாம்பு கடித்தபோது எனக்கு ஒன்பது வயது. 1986, ஜனவரி கடைசி. மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தோம். எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்றால் ஜெராய் மலை தெரியும்.

விடியுமுன்னே பால் வெட்டப் போய்விடுவார்கள். குளிர்ச்சியான நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் நின்றுவிடும். அன்றைக்கு ஏழாவதோ எட்டாவதோ மரம். பால் வடியும் மங்குக் கிண்ணத்தைச் சரிபண்ணக் குனிந்து வலது காலை நகர்த்தியிருக்கிறார் அம்மா. கணுக்காலுக்குக் கீழே நெருப்புக் குச்சியை வைத்து அழுத்தியதுபோல் இருந்ததாம். தலைவிளக்கைத் தாழ்த்திப் பார்த்தால் இலையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து நிரை அத்தை ஓடிவந்து, இருந்த கயிற்றால் காலை இறுக்கிக் கட்டிவிட்டார். அப்போது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் அதுதான். தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் முதலில் செய்தது, அந்தக் கட்டை அவிழ்த்ததுதான்.

இரண்டு மணி நேரம் கழித்து, என்ன பாம்பென்று பார்க்க அப்பாவும் கங்காணியும் அதே மரத்துக்குப் போனார்கள். அது அங்கேயே இருந்தது. கடித்த இடத்திலிருந்து ஒரு முழம்கூட நகரவில்லை.

மலாய்க்காரர்கள் இதைக் கப்பாக் போடோ என்பார்கள். போடோ என்றால் முட்டாள். ஆள் வந்தாலும் ஓடத் தெரியாததால் அந்தப் பெயர். தமிழில் குழிவிரியன். எங்கள் லயத்தில் பொழுது சாய்ந்தபின் எந்தப் பாம்பையும் பெயர் சொல்ல மாட்டோம், 'பூச்சி' என்றுதான் சொல்வோம். எனக்கு அந்த 'முட்டாள்' என்ற பெயர்மேல் மட்டும் கோபம். ஓடாமல் இருப்பதுதான் அதன் பிழைப்பே. இரை தேடி அலையாமல், எலியோ தவளையோ வரும் வழியில் சுருண்டு மணிக்கணக்காகக் காத்திருக்கும். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே உள்ள குழி, வரும் உயிரின் உடல் சூட்டை இருட்டிலும் கண்டுபிடித்துவிடும். அசைந்தால் எலிக்கும் தெரியும், பருந்துக்கும் தெரியும். அசையாமல் இருக்கும்வரை அது வெறும் காய்ந்த இலை.

இலை என்று சும்மா சொல்லவில்லை. போன வருஷம் மூன்று மீட்டர் தூரத்தில் நின்று அதைப் பார்த்தேன். உடம்பு செம்மண்ணும் காய்ந்த ரப்பர் இலையும் கலந்த நிறம். முதுகின் இருபுறமும் கரும்பழுப்பு முக்கோணங்கள், கூர்முனை நடுமுதுகைப் பார்த்தபடி. சில இடங்களில் இரண்டு முனைகள் எதிரெதிரே தொட்டுக்கொள்கின்றன, சில இடங்களில் ஒன்றுவிட்டு ஒன்றாகத் தள்ளி நிற்கின்றன. ரப்பர் இலை ஒரு காம்பில் மூன்றாகத்தான் வரும். அவை உதிர்ந்து ஒன்றின்மேல் ஒன்று சரியும்போது இடையில் விழும் நிழலும் இப்படித்தான் முக்கோணமாக இருக்கும். ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் மரங்கள் மொத்தமாக இலை கொட்டும் எங்கள் வடக்குப் பகுதியில், தரையெல்லாம் அதன் முதுகுதான்.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். மதியத்துக்குள் கால் முழங்கால்வரை வீங்கிவிட்டது. வலியைவிட எங்களைப் பயமுறுத்தியது ரத்தம். இரண்டு பல் தடத்திலிருந்தும் கசிந்துகொண்டே இருந்தது, நிற்கவில்லை. சாயங்காலம் ஈற்றிலும் கசிய ஆரம்பித்தது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிஷம் நிறுத்தி வைத்தார். அப்புறம் சாய்த்தார். நல்ல ரத்தம் என்றால் கட்டியாகி நிற்க வேண்டும். அம்மாவின் ரத்தம் தண்ணீர்போல ஓடியது. அப்பா அதை நேரில் பார்த்தவர். சாகும்வரை அந்தக் குழாயைப் பற்றித்தான் பேசுவார்.

ரத்தம் உறைவதற்குத் தேவையான ஃபைப்ரினோஜென் என்ற புரதத்தை இந்த விஷம் தின்று தீர்த்துவிடுகிறது. இதை முதலில் கூர்ந்து கவனித்தவர்களில் ஒருவர், 1950-களிலும் 60-களிலும் பினாங்கு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அலிஸ்டர் ரீட் என்ற டாக்டர். கெடா, பினாங்குத் தோட்டங்களிலிருந்து கடிபட்டு வந்த எங்கள் ஆட்களும் அவருடைய நோயாளிகள். ரத்தம் நாள்கணக்காக உறையாமல் இருந்தும் பலர் தெம்பாக நடமாடியதை அவர் கண்டார். கடிபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு விஷம் பெரிதாக ஏறவே இல்லை என்பதையும் எழுதி வைத்தார். கடித்த பல மணி நேரம் கழித்துப் போனாலும் பாம்பு அதே இடத்தில் கிடக்கும் என்பதும் அவர் குறிப்பில் உண்டு. அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த விஷத்திலிருந்து பிரித்த மருந்துக்கு ஆன்க்ரோட் என்று பெயர். ரத்தக்கட்டிக்கும் பக்கவாதத்துக்கும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். பலன் போதாமல் பிற்பாடு விட்டுவிட்டார்கள்.

அம்மாவைக் காப்பாற்றியது பாங்காக்கில் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கம் தயாரிக்கும் விஷமுறிவு மருந்து. மறுநாள் விடியற்காலையில் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் கட்டியாக நின்றது. ஒன்றரை மாதத்தில் அம்மா மறுபடி பால் சுமக்கும் காண்டா வாளியைத் தூக்கினார்.

போன வருஷம் நான் பார்த்தது எங்கள் வீட்டுக் கொல்லையில். இப்போது பீடோங்கில் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதியில் வீடு, பின்வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம். காய்ந்த வாழைச் சருகைக் கூட்டப் போனவன், விளக்குமாற்றை நீட்டுமுன் அந்தக் கண்ணோரக் கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டேன். அதன் சுருளுக்கு அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. முட்டைகள். பத்துக்கு மேல் இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பெரும்பாலான பாம்புகள் முட்டையிட்டதும் போய்விடும். இது போகாது, குஞ்சு பொரியும்வரை மேலேயே சுருண்டு கிடக்கும். நான் நின்ற பத்து நிமிஷமும் அது தலையைத் திருப்பவில்லை. வால் நுனி மட்டும் சருகில் இரண்டு தடவை படபடவென்று அடித்தது. அதற்குமேல் ஒரு அடி எடுத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் மண்வெட்டியோடு வந்தார். "வேண்டாம்ணே, அது ஓடாது. ஆளுங்க வர்ற வரைக்கும் இங்கேயேதான் இருக்கும்" என்றேன். பொதுத் தற்காப்புப் படைக்குப் போன் பண்ணினேன். முக்கால் மணி நேரத்தில் இரண்டு பேர் கம்பியோடும் பெட்டியோடும் வந்தார்கள். அதுவரை அது நகரவே இல்லை.

அம்மாவுக்கு இப்போது 76 வயது. இன்னமும் கொல்லையில் கால் வைக்குமுன் குச்சியால் தரையைத் தட்டுவார். போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, அந்த முக்கோணங்களை வெகுநேரம் பார்த்தார். வலது கணுக்காலைக் கை தன்னால் தடவிக்கொண்டது.

"முட்டையையும் சேர்த்துத்தானே எடுத்துக்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டார்.

"ஆமாம்மா, தனிப் பெட்டியில."

"சரி" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.